வேலூர் டாக்டரம்மா ஐடா ஸ்கடர்

வேலூர் ஆஸ்பத்திரியைப் பற்றிக் கேள்விப்படாத தமிழர் பெங்களூரில் இருப்பது அபூர்வம். வைட்ஃபீல்டில் சாரம் கட்டுகிறவர், சித்தாள் வேலைக்குப் போகிறவர், தொழிற்சாலையில் கணக்கு எழுதும் குமாஸ்தா யாரானாலும் சரி, குடும்பத்தில் ஒருவருக்குப் பெரிய நோய் என்றால் முதலில் வாயில் வருகிற பெயர் வேலூர். ரயில் ஏறிக் காட்பாடியில் இறங்கி, பாலாற்றுப் பாலத்தைத் தாண்டிவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது என்று நினைக்கிறவர்கள் பலர். பெங்களூரில் குடியேறிய தமிழர்களில் பெரும் பகுதியினர் பழைய வட ஆற்காடு, சேலம் ஜில்லாக்களிலிருந்து வந்தவர்கள்தானே.

அந்த ஆஸ்பத்திரியை நிறுவியவர் ஒரு பெண்மணி. பெயர் ஐடா ஸ்கடர். அமெரிக்கக் குடும்பம், ஆனால் பிறந்தது நம் ராணிப்பேட்டையில். அவரைப் பெரிய டாக்டர் என்றும், பெண்களுக்கு மருத்துவக் கல்லூரி கண்டவர் என்றும் எல்லோரும் அறிவார்கள். அந்தக் கல்லூரிக்கு 9 ஆண்டுகள் முன்னதாகவே அவர் நர்சுகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார் என்பது அவ்வளவாக வெளியே தெரியாத சங்கதி. டாக்டரை விட நர்சு முதலில் வேண்டும் என்று ஒரு டாக்டரே முடிவு செய்தது ஏன் என்பதில்தான் அவருடைய வாழ்க்கையின் ருசி இருக்கிறது.

பஞ்ச காலத்துக் குழந்தை

ஐடாவின் தாத்தா டாக்டர் ஜான் ஸ்கடர் நியூயார்க்கில் நல்ல வருமானம் உள்ள வைத்தியராக இருந்தவர். 1819-ல் எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கப்பல் ஏறினார். முதலில் யாழ்ப்பாணம், பிறகு சென்னை. அவருடைய பிள்ளைகளும் இந்தியாவிலேயே பணி செய்தார்கள். அவர்களில் ஒருவரான இரண்டாவது ஜான் ஸ்கடர்தான் ஐடாவின் தந்தை. தாயார் பெயர் சோபியா.

1870 டிசம்பர் 9-ந் தேதி ஐடா பிறந்தார். ஐந்து அண்ணன்மாருக்குப் பிறகு பிறந்த ஒரே பெண். செல்லத்துக்குக் கேட்கவா வேண்டும்? ஆனால் அந்தச் செல்லப் பெண் 6 வயதிலேயே பார்க்கக்கூடாததையெல்லாம் பார்த்துவிட்டாள். தாது வருஷப் பஞ்சம் என்று பாட்டிமார் சொல்லி நடுங்குவார்களே, அந்த 1876-78 பஞ்சம் அப்போது வந்தது. சென்னை மாகாணத்தையும் மைசூர் ராஜ்யத்தையும் ஒருசேர வாட்டியது. சாலை ஓரத்தில் மனிதர்கள் விழுந்து கிடந்தார்கள். ஸ்கடர் வீட்டு வாசலில் குழந்தைகள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். கையைத் தூக்கி வாங்கக்கூட அவர்களுக்குத் தெம்பு இல்லை. ரொட்டியைப் பிய்த்து அவர்கள் வாயில் ஊட்டுவது சிறுமி ஐடாவின் வேலை.

பஞ்சம் ஓய்ந்ததும் குடும்பம் அமெரிக்கா சென்றது. சில ஆண்டுகளில் தந்தை மீண்டும் இந்தியா வந்தார். பின்னால் தாயாரும் வந்துவிட்டார். ஐடா மட்டும் உறவினர் வீட்டில் விடப்பட்டார். பெற்றோரைப் பிரிந்த அந்த ஏக்கம் அவர் மனதில் கசப்பாகத் தங்கியது. இந்தியாவும் வேண்டாம், மிஷன் வேலையும் வேண்டாம் என்று உறுதி செய்துகொண்டார். அமெரிக்காவில் படித்து, நல்ல இடத்தில் கல்யாணம் செய்துகொண்டு, சௌகரியமாக வாழ வேண்டும் என்பதே அவர் எண்ணம். அதில் தப்பு ஒன்றும் இல்லை. அந்த வயதுப் பெண் வேறு என்ன நினைப்பாள்?

ஓர் இரவு, மூன்று வீடுகள்

1890-ல் தாயாருக்கு உடல்நிலை சரியில்லை என்று தந்தி வந்தது. ஐடா திண்டிவனம் வந்து சேர்ந்தார். கொஞ்ச காலம் தாயைப் பார்த்துக்கொண்டு திரும்பிவிடுவதாகத்தான் ஏற்பாடு.

ஓர் இரவு அவர் விளக்கடியில் உட்கார்ந்திருந்தார். வராந்தாவில் காலடிச் சத்தம். ஒரு பிராமண இளைஞர் நின்றார். மனைவிக்குப் பிரசவ வேதனை, மருத்துவச்சியால் ஒன்றும் முடியவில்லை, அம்மா வந்து பார்க்க வேண்டும் என்றார். டாக்டர் நான் அல்ல, என் தந்தைதான், அவரை அழைத்துப் போகலாம் என்று ஐடா எடுத்துச் சொன்னார். அந்நிய ஆண் ஒருவர் தன் மனைவியைப் பார்ப்பதை அந்த மனிதரால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. போய்விட்டார்.

சற்று நேரத்தில் இன்னொருவர். அவர் ஒரு முஸ்லிம். அதே வேண்டுகோள், அதே பதில், அதே மறுப்பு. மூன்றாவதாக இன்னொரு மேல்ஜாதி இந்து. அவரும் அப்படியே.

அந்த இரவு ஐடா தூங்கவில்லை. விடிந்ததும் தெருவில் பறையொலி கேட்டது. வேலைக்காரனை அனுப்பி விசாரித்தார். மூன்று பெண்களுமே இறந்துவிட்டார்கள். மூன்று பேரும் இளம் பெண்கள்.

அன்று காலையே பெற்றோரிடம் சென்று, அமெரிக்கா போய் டாக்டருக்குப் படித்துவிட்டு இங்கேயே திரும்பி வரப்போவதாக ஐடா அறிவித்தார். பல வருஷ வைராக்கியம் ஓர் இரவில் கரைந்தது.

இந்தச் சம்பவத்தைச் சொல்கிறவர்கள், பெண் டாக்டர் இல்லாததால் மூன்று உயிர் போயிற்று என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அது உண்மைதான். ஆனால் அந்தக் காலத்தில் பிரசவத்தில் இறந்த பெண்களில் எத்தனையோ பேர் அழுக்குக் கையாலும் அழுக்குத் துணியாலும் இறந்தவர்கள். ஐரோப்பாவிலும் கதை இதுவே. வியன்னா நகர ஆஸ்பத்திரியில் டாக்டர் செம்மல்வைஸ் என்பவர் 1847-ல் ஒரு காரியம் செய்தார். பிரசவ வார்டுக்குள் நுழையும் டாக்டர்கள் சலவைத்தூள் கரைத்த நீரில் கை கழுவ வேண்டும் என்று கட்டளையிட்டார். சாவு எண்ணிக்கை மளமளவென்று குறைந்தது. அவ்வளவு பெரிய டாக்டர்களின் கையே நோயைக் கொண்டுபோயிருக்கிறது! இதை அவர்கள் ஒப்புக்கொள்ள மேலும் பல ஆண்டுகள் ஆயின.

பத்தாயிரம் டாலர்

ஐடா முதலில் பிலடெல்பியாவில் பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். நியூயார்க்கில் கார்னெல் மருத்துவக் கல்லூரி பெண்களுக்கும் கதவு திறந்ததும் அங்கே மாறி, 1899-ல் பட்டம் பெற்றார்.

புறப்படும் முன் வேலூரில் பெண்களுக்கு ஓர் ஆஸ்பத்திரி கட்டப் பணம் திரட்டும்படி மிஷன் சங்கத்தார் சொன்னார்கள். ஐடா வீடு வீடாகப் போனார். கிடைத்தது சொற்பம். கடைசியில் ஒரு வீட்டில் ஒரு மூதாட்டியிடம் வேலூர் நிலைமையை விவரித்துக்கொண்டிருந்தார். பக்கத்து அறையில் இருந்த ஒரு வயதான பணக்காரர் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஷெல் என்று பெயர். மறுநாள் ஐடாவை வரவழைத்து, இறந்துபோன தன் மனைவி மேரி டேபர் ஷெல் நினைவாக 10,000 டாலர் கொடுத்தார். கேட்டது ஒருவரிடம், கொடுத்தது இன்னொருவர்.

1900-ம் ஆண்டு பிறந்தபோது ஐடா வேலூரில் இருந்தார். கூடவே அவருடைய தோழி ஆனி ஹான்காக்கும் வந்திருந்தார். தந்தையின் அருகில் ஒரு வருஷமாவது இருந்து தொழில் பழகலாம் என்று ஐடா நினைத்திருந்தார். அதற்குக் கொடுத்துவைக்கவில்லை. அந்த மே மாதமே தந்தை காலமானார். கையில் புதுப் பட்டம். கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இல்லை. ஊரார் நம்பிக்கையும் இன்னும் வரவில்லை. பங்களாவில் ஒரு சின்ன அறைதான் வைத்தியசாலை. சன்னல் வழியாக மருந்து கொடுத்தார்.

முதலில் யாரும் வரவில்லை. பிறகு ஒருவர் இருவராக வந்து, அப்புறம் கூட்டம் தாங்கவில்லை. இரண்டே ஆண்டுகளில் 5,000 பேருக்கு அந்தச் சின்ன அறையில் வைத்தியம் நடந்தது. 1902-ல் 40 படுக்கைகளோடு ஷெல் ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது.

சலோமியும் நர்சுப் பள்ளியும்

நாற்பது படுக்கை, ஒரே டாக்டர். சரி, நர்சு? நர்சு என்று யாரும் இல்லை. வீட்டோடு இருந்த சலோமி என்ற பெண்தான் முதல் துணை. சலோமி படித்தவர் அல்ல. கத்தி, கத்தரி எடுத்துக் கொடுப்பது, கொதிநீரில் கருவிகளைப் போட்டு எடுப்பது, காயத்துக்குக் கட்டுப் போடுவது எல்லாவற்றையும் அம்மையார் பக்கத்தில் நிறுத்திச் சொல்லிக் கொடுத்தார்.

ஆபரேஷன் செய்வது ஒரு மணி நேர வேலை. அதற்குப் பிறகு பத்து நாள் நோயாளியைச் சுத்தமாக வைத்திருப்பது யார்? அம்மையார் நல்லபடி ஆபரேஷன் செய்து வார்டுக்கு அனுப்புவார். பார்க்க வந்த உறவுக்காரர் அன்போடு கட்டை அவிழ்த்துப் பார்ப்பார். கிராமத்தில் காயத்தின் மேல் சாணியோ சாம்பலோ அப்புவது வழக்கமாக இருந்த காலம் அது. அவர்கள்மீது கோபித்துப் பயன் இல்லை. கிருமி என்று ஒன்று இருப்பதை அவர்களுக்கு யார் சொன்னார்கள்?

ஆகவே 1909-ல் அம்மையார் வேலூரில் நர்சுப் பள்ளியைத் தொடங்கினார். அமெரிக்காவிலிருந்து வந்த டெலியா ஹாட்டன் என்ற நர்சு அதற்குத் துணையாக நின்றார்.

பெண்களைச் சேர்ப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. இந்தியாவில் நர்சுப் பயிற்சி அதற்கு முன்பே இருந்தது. சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் 1871-லேயே தொடங்கிவிட்டது. ஆனால் அதில் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் ஐரோப்பியப் பெண்களும் ஆங்கிலோ இந்தியப் பெண்களும்தான். நம் குடும்பங்களில் அதை இழிந்த தொழிலாக நினைத்தார்கள். அடுத்தவர் மலமூத்திரத்தை அள்ளுவதா, எந்த ஜாதி என்று தெரியாத உடம்பைத் தொடுவதா, இராத்திரியில் வீட்டுக்கு வெளியே வேலையா, இப்படி ஊரெல்லாம் பேச்சு. அப்படிப்பட்ட பெண்ணை யார் கட்டிக்கொள்வார்கள் என்பது அதைவிடப் பெரிய பேச்சு. முதலில் முன்வந்தவர்கள் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண்கள். கைம்பெண்களுக்கும் இது ஒரு பிழைப்பு வழியாக இருந்தது. தலையில் முக்காடும் மூலையில் இடமுமாக முடிந்துபோயிருக்க வேண்டிய பெண்களுக்குக் கையில் ஒரு தொழில் வந்தது.

எந்த நர்சுப் பள்ளியிலும் முதல் பாடம் மருந்து அல்ல, ஊசி அல்ல. கை கழுவுவதும், படுக்கை விரிப்பதும், எழுந்திருக்க முடியாதவரைப் படுக்கையிலேயே குளிப்பாட்டுவதும்தான். கேட்பதற்குச் சாதாரணமாக இருக்கும். செய்து பார்த்தால்தான் அதன் நுட்பம் தெரியும்.

வெந்நீரின் சூட்டை முழங்கையால் பார்க்க வேண்டும். முதலில் கண், அதற்குச் சோப்பு கூடாது, மூக்கோரத்திலிருந்து வெளிப்பக்கமாகத் துடைக்க வேண்டும். ஒரு கண்ணுக்குத் தொட்ட துணி மடிப்பை மறு கண்ணில் வைக்கக்கூடாது. பிறகு முகம், கை, மார்பு, கால் என்று வரிசை. எந்தப் பாகத்தைக் கழுவுகிறோமோ அதை மட்டும் திறந்து, மற்றதைப் போர்த்தியே வைக்க வேண்டும். குளிருக்காக மட்டுமல்ல, மானத்துக்காகவும். மறைவிடத்தைக் கடைசியில், புதுத் தண்ணீரால் கழுவ வேண்டும். பெண்களுக்கு முன்னிருந்து பின்னாகத் துடைக்க வேண்டும். மாற்றிச் செய்தால் சிறுநீர்த் தாரையில் கிருமி ஏறும். அக்குள், மார்பின் அடி, தொடை இடுக்கு, கால்விரல் சந்து, இங்கெல்லாம் ஈரம் தங்கக்கூடாது. ஒற்றி எடுக்க வேண்டும், தேய்க்கக்கூடாது. வயதானவர்களின் தோல் வெங்காயச் சருகு மாதிரி, தேய்த்தால் உரிந்துவிடும்.

படுக்கைப் புண் என்பது நர்சு கண்ணில் விரல் விட்டுப் பார்க்க வேண்டிய எதிரி. ஒரே பக்கமாகப் படுத்திருந்தால் எலும்பு அழுத்தும் இடத்தில் இரத்த ஓட்டம் நின்று தோல் செத்துப்போகும். இடுப்பின் பின்புறம், குதிகால், முழங்கை, தோள்பட்டை, பின்தலை, இந்த இடங்களைத் தினமும் பார்க்க வேண்டும். சிவந்து, அழுத்தினாலும் வெளுக்காமல் இருந்தால் புண்ணுக்கு அஸ்திவாரம் போட்டாயிற்று என்று பொருள். இரண்டு மணிக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இழுத்துப் புரட்டக்கூடாது, விரிப்போடு தூக்கி நகர்த்த வேண்டும். நனைந்த துணியை நனைந்த உடனே மாற்ற வேண்டும்.

வாய் சுத்தத்தை வீட்டில் எல்லோரும் மறந்துவிடுவார்கள். நினைவு தெளியாத கிழவருக்கு நேராகப் படுத்தபடி வாயில் தண்ணீர் விட்டால் அது மூச்சுக்குழலுக்குள் போய் நிமோனியா வரும். தலையை ஒருபக்கம் சாய்த்து, ஈரத்துணி சுற்றிய விரலால் துடைக்க வேண்டும். பல்செட் இருந்தால் இராத்திரி கழற்றித் தண்ணீரில் போட வேண்டும். சர்க்கரை வியாதிக்காரருக்குக் காலைத் தினமும் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். அவருக்கு வலி தெரியாது, முள் குத்தியிருப்பதை நர்சுதான் கண்டுபிடிக்க வேண்டும்.

இதில் எதற்கும் விலை உயர்ந்த கருவி வேண்டியதில்லை. வெந்நீர், சோப்பு, பழந்துணி, பொறுமை. கடைசியாகச் சொன்னதுதான் கடையில் கிடைக்காதது.

வீட்டு வாசலுக்கே

ஆஸ்பத்திரிக்கு வர முடியாதவர்களைத் தேடி நாமே போக வேண்டும் என்பது அம்மையாரின் அடுத்த யோசனை. குடியாத்தம் சாலையில் முதலில் மாட்டு வண்டியில் போய்ப் பார்த்தார். 1909-ல் ஒரு பியூஜோ மோட்டார் கார் வந்தது. அந்தப் பக்கத்து ஜனங்கள் மோட்டாரைப் பார்த்தது அதுவே முதல் தடவை. மாடு இல்லாமல் வண்டி ஓடுகிறது, பேய்தான் இழுக்கிறது என்று சிலர் வயல் பக்கம் ஓடினார்கள். போகப் போக, கார் வரும் நாளை எண்ணிக் காத்திருந்தார்கள். ஆலமரத்தடி, புளியமரத்தடி, பாலத்து ஓரம் என்று குறிப்பிட்ட இடங்களில் கார் நிற்கும். அங்கேயே புண் கழுவுவது, கட்டுப் போடுவது, மருந்து கொடுப்பது. ஆஸ்பத்திரி வார்டில் எல்லாம் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும். மரத்தடியில் ஒரு குடம் தண்ணீரை வைத்துக்கொண்டு சுத்தம் காப்பாற்றுவது வேறு வித்தை. அந்த வித்தை சாலையோரத்தில்தான் பழகும்.

உலகத்தில் வீட்டு நர்சு முறை பிறந்ததும் ஏறக்குறைய இப்படித்தான். பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரைக் கிரிமியா யுத்தத்தோடு சேர்த்தே நினைக்கிறோம். ஆனால் நர்சுப் பணி குறித்து அவர் எழுதிய சிறு நூல் ஆஸ்பத்திரி நர்சுகளுக்காக எழுதப்பட்டதல்ல. வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் சாதாரணப் பெண்களுக்காக எழுதப்பட்டது. லிவர்பூல் நகரத்து வணிகர் ராத்போன் தன் மனைவியின் கடைசி நாட்களில் பார்த்துக்கொள்ள ஒரு நர்சை அமர்த்தினார். 1859-ல் மனைவி இறந்ததும் அந்த நர்சை அனுப்பிவிடவில்லை. ஏழைகளின் வீடுகளுக்குப் போய் இதே பணிவிடையைச் செய்யும்படி சம்பளம் கொடுத்து ஏற்பாடு செய்தார். நைட்டிங்கேல் அம்மையாரின் யோசனை கேட்டுப் பயிற்சிப் பள்ளியும் வைத்தார். பணக்காரர் ஒருவருக்குத் தன் வீட்டில் கண்ட சுகம் அடுத்த வீட்டுக்கும் வேண்டும் என்று தோன்றியது அதிசயம்தான்.

இந்த இடத்தில் வைட்ஃபீல்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்த ஊரே ஒரு வகையில் குடும்பங்கள் நிம்மதியாக இருக்க ஒரு நிலம் வேண்டும் என்று பிறந்ததுதான். ஆங்கிலோ இந்தியர் சங்கத் தலைவர் டி.எஸ்.ஒயிட் கேட்டுக்கொண்டதன்பேரில் 1882-ல் மைசூர் மகாராஜா சாமராஜ உடையார் 3,900 ஏக்கர் வழங்கினார். ஒயிட்டின் பெயரே ஊருக்கு வந்தது. ஓட்டு வீடும் தோட்டமுமாக இருந்த ஊர், 1990-களுக்குப் பிறகு கம்ப்யூட்டர் கம்பெனிகள் வந்து, வானம் மறைக்கும் அடுக்குமாடிகளாகிவிட்டது. அந்த அடுக்குமாடிகளில் பிள்ளைகள் வேலைக்கும் வெளிநாட்டுக்கும் போய்விட, தனியே இருக்கும் முதியவர்கள் அநேகம். அவர்களைக் குளிப்பாட்டி, உணவூட்டி, கூடத் தங்கும் பெண்களுக்கு ஓம் நர்சு என்று பெயர்.

அவர்களில் முறைப்படி நர்சிங் படித்துப் பதிவு செய்தவர்கள் உண்டு. சில வாரப் பயிற்சியோடு வந்தவர்கள் உண்டு. ஒரு பயிற்சியும் இல்லாமல் ஊரிலிருந்து நேரே வந்து இறங்கியவர்களும் உண்டு. பெயர் ஒன்றுதான், முதியவரின் முதுகுத் தோலுக்கு மட்டும் வித்தியாசம் தெரியும். வேலையின் கஷ்டமோ எல்லோருக்கும் பொது. இராத்திரி நாலு தடவை எழுந்து துணி மாற்றுகிறவரை வேலைக்காரி என்று அழைக்கிற வீடுகள் இல்லாமல் இல்லை. 1909-ல் வேலூரில் இருந்த எண்ணம் நூறு ஆண்டு தாண்டியும் முழுக்கப் போய்விடவில்லை. அடுத்தவர் தகப்பனைப் புரட்டிப் படுக்க வைத்துவிட்டு, ஊரில் தன் தகப்பனை யார் புரட்டுகிறார்கள் என்று கவலைப்படும் தமிழ்ப் பெண்களும் இந்த ஊரில் இருக்கிறார்கள்.

14-க்கு 14

முதல் உலக யுத்தத்தின் கடைசி ஆண்டு. பெண்களுக்கு மருத்துவப் பள்ளி தொடங்க அம்மையார் அரசாங்கத்திடம் அனுமதி கேட்டார். மாகாண மருத்துவ அதிகாரி கர்னல் பிரைசனுக்கு நம்பிக்கை இல்லை. ஆறு பெண்கள் மனு செய்தால் ஆரம்பித்துக்கொள்ளலாம் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். வந்த மனுக்கள் 151. 1918-ல் பள்ளி தொடங்கியது. சரியான கட்டடம் இல்லை. போதிய ஆசிரியர்கள் இல்லை. முதல் பரீட்சைக்குப் போகும்போது, ஆண்களிலேயே ஐந்தில் ஒருவர்தான் தேறுகிறார், மனம் தளர வேண்டாம் என்று அதிகாரி முன்கூட்டியே ஆறுதல் சொன்னார். வேலூர்ப் பெண்கள் 14 பேர் எழுதினார்கள். 14 பேரும் தேறினார்கள்.

பின்னர் பெரிய ஆஸ்பத்திரிக்கும் கல்லூரிக்கும் அமெரிக்காவில் லூசி பீபாடி போன்ற பெண்கள் முன்னின்று பணம் திரட்டினார்கள். 1928-ல் மகாத்மா காந்தி வேலூர் வந்து பார்த்தார். இந்தியாவில் டாக்டர் ஐடா என்று மட்டும் விலாசம் எழுதிய கடிதம் நேரே வேலூருக்கு வந்து சேர்ந்தது என்பார்கள்.

1938-ல் ஒரு இடி விழுந்தது. மருத்துவப் பள்ளிகளெல்லாம் பல்கலைக்கழகப் பட்டம் தரும் கல்லூரிகளாக உயர வேண்டும், இல்லாவிட்டால் மாணவிகளைச் சேர்க்கக்கூடாது என்று அரசாங்கம் உத்தரவு போட்டது. உயர்த்துவதற்குப் பெரும் பணம் வேண்டும். 70 வயதில் அம்மையார் மறுபடி அமெரிக்கா போய், உலக யுத்தத்தின் நடுவே ஊர் ஊராகச் சுற்றிப் பணம் சேர்த்தார். கல்லூரி பிழைத்தது. பெண்களுக்கு மட்டுமாக இருந்தது, 1947-ல் ஆண்களையும் சேர்த்தது.

நர்சுப் பள்ளியும் வளர்ந்திருந்தது. 1946-ல் அது கல்லூரியானது. இந்தியாவில் நர்சிங் படிப்புக்குப் பல்கலைக்கழகப் பட்டம் என்பது அந்த ஆண்டில்தான் பிறந்தது. ஒன்று டில்லியில், மற்றொன்று வேலூரில். படுக்கை விரிப்பவள் என்று 1909-ல் ஒதுக்கிய தொழிலுக்கு 37 ஆண்டில் பி.எஸ்ஸி. பட்டம்! மருத்துவக் கல்லூரிக் கதையைப் பேசும்போது இதை ஒரு வரியில் தாண்டிவிடுவது நியாயம் அல்ல. வேலூர் நர்சிங் கல்லூரியின் மாணவிகள் வார்டோடு நிற்பதில்லை. கிராமங்களுக்குப் போய் வீடுகளில் நோயாளிகளைப் பார்ப்பதும் அவர்களுடைய பயிற்சியில் சேர்ந்தது.

மலை வீடு

அம்மையார் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தந்தை மறைந்த பின் தாயார் சோபியா மகளோடு வேலூரிலேயே இருந்தார். 1861-ல் முதன்முதலாக இந்தியா வந்தவர் 1925-ல் இந்த மண்ணிலேயே இறந்தார். ஆயிரம் வீட்டு நோயாளிகளைப் பார்த்த டாக்டருக்குத் தன் வீட்டிலும் முதுமை என்றால் என்ன என்று தெரிந்திருந்தது.

1946-ல் அம்மையார் ஓய்வு பெற்றார். அடுத்து டாக்டர் ஹில்டா லாசரஸ் பொறுப்பேற்றார். வேலூர்க் கல்லூரிக்கு ஓர் இந்தியர் தலைமை வகித்தது அதுவே முதல் தடவை. கொடைக்கானலில் ஹில்டாப் என்ற வீட்டில் அம்மையார் குடியிருந்தார். ரோஜாச் செடி வளர்ப்பதில் பிரியம். டென்னிஸ் என்றால் உயிர். எழுபது வயதைத் தாண்டியும் மட்டையைக் கீழே வைக்கவில்லை. எதிரே நின்று ஆடிய இளைஞர்கள், கிழவியாயிற்றே என்று இரக்கப்பட்டு மெல்ல அடிக்கப்போய்த் தோற்றுப்போனதாகச் சொல்வார்கள்.

1960 மே மாதம் கொடைக்கானலில் அம்மையார் காலமானார். அப்போது வயது 89. உடலை மலையிலிருந்து வேலூருக்குக் கொண்டுவந்தார்கள். கடைகள் மூடப்பட்டன. தெருவின் இரு பக்கமும் ஜனங்கள் நின்றார்கள். மூன்று பெண்களின் சாவு கேட்டுத் திண்டிவனத்தில் தூங்காமல் கிடந்த இளம்பெண்ணை வேலூர் மண்ணில் அடக்கம் செய்தார்கள்.